கழற்றியும் குறையாத பாரம்

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்ட சங்கதி இல்லை. நிரஞ்சன் இன்றைக்கும் டிக்கோயாவுக்கு மேலே, ஆர்ட்மோர் தோட்டத்து மேல் டிவிஷனில்தான் இருக்கிறான். பகலில் போனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலிருக்கும் அவனுடைய கராஜில் பார்க்கலாம். பேசுவான், சிரிப்பான், தேத்தண்ணி கொடுப்பான். ஆனால் அவனுடைய நீல நிற டட்சனின் பின் சீட்டில் கை வைத்துப் பாருங்கள்... முகம் மாறிவிடும். ஏன் என்று கேட்டவர்களில் இரண்டு மூன்று பேருக்குத்தான் முழுவதையும் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் சொல்லியிருக்கிறான். அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது டட்சன் 1200. எழுபத்திரண்டாம் ஆண்டு வண்டி. கந்தப்பளைப் பக்கம் ஒரு பழைய பங்களாவின் பின் ஷெட்டில், படங்குத் துணிக்கு அடியில், பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பங்களாக்காரர்கள் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள். காவலுக்கு இருந்த வடிவேல் என்ற வயசாளிதான் சாவியைக் கொடுத்தார். எஞ்சின் இறுகிப் போயிருந்தது. அடித்தகரம் துருப்பிடித்திருந்தது. பின் சீட் மட்டும் சிவப்பு ரெக்ஸின் போட்டு, ஒரு கிழிசல் இல்லாமல் புதிதாக இருந்தது.

"எத வேணும்னாலும் மாத்திக்கங்க தம்பி" என்றார் வடிவேல். "அந்தப் பின் சீட்ட மட்டும் கழட்டிறாதீங்க."

பழைய சாமான், ஒரிஜினல், அதனால் சொல்கிறார் என்று நிரஞ்சன் நினைத்துக்கொண்டான்.

அவன் கார் வாங்கியது ஆசைக்கு இல்லை. அவன் மனைவி பிரியந்திக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. இரண்டாவது எட்டாம் மாதம் வரை வந்தது. வலி எடுத்தபோது தோட்டத்தில் வண்டி இல்லை. லொறி தேயிலைக் கொழுந்தோடு போயிருந்தது. கீழேயிருந்து த்ரீவீல் ஒன்று ஏறி வந்து, இவளை ஏற்றி, பாறை முடக்கு என்ற வளைவு வரைதான் போக முடிந்தது. அந்த முடக்கில் அவள் சத்தம் நின்றது. வயிற்றுப் பிள்ளையின் துடிப்பும் நின்றுவிட்டது. அன்றைக்கு நிரஞ்சன் ஒரு முடிவெடுத்தான். இனி வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும்.

ஒன்றரை வருஷம் அந்த டட்சனோடு மல்லுக்கட்டினான். எஞ்சினைப் பிரித்தான், தகரம் ஒட்டினான், நிறம் அடித்தான். வண்டி மூச்சுவிடத் தொடங்கிய அதே மாதம் பிரியந்தி மறுபடி உண்டானாள். எல்லாம் சேர்ந்து வருகிறது என்று இரண்டு பேருக்கும் ஒரு நம்பிக்கை.

அப்போதுதான் அன்ஸார் வந்தான்.

அன்ஸாருக்கு ஹட்டன் பஜாரில் உருளைக்கிழங்கு, வெங்காய மொத்த வியாபாரம். மனசு முழுக்க மோட்டார் பந்தயம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாப் பக்கம் நடக்கும் மலையேற்றப் பந்தயம் ஒன்றையும் விட்டதில்லை. வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். பொனட்டைத் தட்டினான்.

"மச்சான், இத வச்சிக்கிட்டு நீ என்ன செய்யப் போறா? பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மார்க்கட் போகவா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வாங்கினேன்."

"அதுக்கு த்ரீவீல் ஈக்கு. இது ரேஸ் வண்டி. என்ட மச்சினன்ட சிநேகிதன் கொழும்புல டீம் நடத்துறான். அவன் சீசனுக்கு வாறான். இந்த வண்டி ஒரு தடவ நல்ல டைம் எடுத்திச்சின்னா, ஒன்னை மெக்கானிக்கா எடுப்பான். தங்க கோட்டர்ஸ் குடுப்பான். ஒன்ட புள்ள கொழும்புல வளரும். ரோட்டுக்கா, ரேஸுக்கா? ரெண்டுல ஒண்டு சொல்லு. நடுவுல நிண்டா ரெண்டும் கெட்டுப்போகும்."

அது உண்மைதான். ரோட்டு செட் வேறு, ரேஸ் செட் வேறு. ரோட்டுக்கு மெத்தென்ற ஸ்பிரிங் வேண்டும், சீட் வேண்டும், மிதித்தவுடன் பிடிக்கும் பிரேக் வேண்டும். ரேஸுக்கு வண்டி தாழ வேண்டும், ஸ்பிரிங் இறுக வேண்டும், தேவையில்லாத ஒவ்வொரு கிலோவையும் கழற்றி எறிய வேண்டும். பிரேக் பேட் கல் மாதிரி கடினமானது. சூடேறினால்தான் பிடிக்கும். குளிரில் மிதித்தால் சும்மா வழுக்கும். மலையேற்றப் பந்தயத்தில் அது பெரிய காரியமில்லை, ஏனென்றால் பந்தயம் மேலே ஏறுவது.

ஆஸ்பத்திரி கீழே இறங்குவது.

நிரஞ்சன் பத்து நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தான். இந்தத் தோட்டத்து மண்ணில் அவனுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றாவதும் இங்கேயே, வண்டிக்குக் காத்துக்கொண்டு... அந்த நினைப்பே அவனைத் தின்றது. கொழும்பு என்ற சொல் மருந்து மாதிரி இருந்தது.

"ஏங்க, ஒரு ஸ்குரூவக் கையில வச்சிக்கிட்டு எத்தன நாளைக்கி நிப்பீங்க?" என்றாள் பிரியந்தி. "போடுறதுன்னா போடுங்க. ரேஸ் எப்ப?"

"ஏப்ரல் நடுவுல."

"எனக்குத் தேதி மே மாசந்தானே. ரேஸ் முடிஞ்ச மறுநாளே சீட்ட மாட்டிருங்க. ஒரு நாள் வேலைதானே?"

ஒரு நாள் வேலைதான். கணக்கு சரியாக இருந்தது. மார்ச் தொடக்கத்தில் நிரஞ்சன் ஸ்பேனரை எடுத்தான். முதலில் கழற்றியது பின் சீட்டை.

ஆறு போல்ட். சீட்டைத் தூக்கி, கராஜின் கூரைச் சட்டத்தில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டான். அந்த இடத்தில் வெறும் தகரம் தெரிந்தது. தகரத்தின் மூலையில் என்னவோ பச்சையாக மினுங்கியது. எடுத்துப் பார்த்தான். கண்ணாடி வளையல் துண்டு. பிறை மாதிரி வளைந்த சின்னத் துண்டு. குப்பையில் போட்டான்.

பிறகு ஸ்டெப்னி, காப்பெட், கதவு உள்ளட்டை, ஹீட்டர், ஹேண்ட் பிரேக் லீவர் எல்லாம் வெளியே வந்தன. நிரஞ்சன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். அன்ஸாரின் கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் மேடைத் தராசை வாங்கி வந்திருந்தான். கழற்றுவதற்கு முன்பே வண்டியை ஒவ்வொரு சக்கரமாகத் தராசில் ஏற்றி, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, நிறுத்து வைத்திருந்தான். பின் சக்கரம் இரண்டும் அப்போது ஒரே எடை. கழற்றிய சாமான்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தான். மொத்தம் அறுபத்தொரு கிலோ.

மறுபடி வண்டியை நிறுத்தான். குறைந்திருந்தது பதினெட்டுக் கிலோதான்.

தராசில் கோளாறு என்று நினைத்து ஐம்பது கிலோ சீமெந்து மூட்டையை வைத்துப் பார்த்தான். ஐம்பது காட்டியது. திரும்பவும் சக்கரம் சக்கரமாக நிறுத்தான். முன் இரண்டும் சரி. பின் வலது சரி. பின் இடதில் மட்டும் நாற்பத்து மூன்று கிலோ கூட இருந்தது.

அன்ஸார் வந்து பார்த்துச் சிரித்தான். "யாரையும் உள்ள ஒளிச்சி வச்சிருக்கியா மச்சான்?"

நிரஞ்சனும் சிரித்தான். பம்பர் இரண்டையும் கழற்றினான். பம்பரின் எடை சரியாகக் குறைந்தது. அந்த நாற்பத்து மூன்று மட்டும் அசையவில்லை. பின் இடது ஸ்பிரிங்கை மாற்றினான். காலையில் வந்து பார்த்தால் அந்த மூலை இரண்டு விரல் தாழ்ந்திருந்தது... யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி.

சத்தமும் அப்போதுதான் தொடங்கியது. வண்டியைக் கையால் ஆட்டினால் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

கிளிங்.

கராஜ்காரனுக்கு வண்டிக்குள் சத்தம் கேட்டால் தூக்கம் வராது. எங்கேயோ வாஷர் ஒன்று கழன்று கிடக்கிறது என்று தேடினான். டிக்கியைத் துழாவினான், கதவுக்குள் கை விட்டான், தகரத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டினான். வாஷர் கிடைக்கவில்லை. துடைத்து வைத்த தகரத்தில், அதே மூலையில், இன்னொரு பச்சை வளையல் துண்டு கிடந்தது.

மறுநாள் காலை பனி கடுமையாக இருந்தது. கராஜின் கதவிடுக்கால் பனி உள்ளே வந்து, மொட்டையாக நின்ற வண்டியின் தகரத் தரை முழுக்க நுண்ணிய ஈரம் பூத்திருந்தது. இடது பக்கத்தில் மட்டும் ஈரமில்லை. ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்க எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு இடம் காய்ந்து கிடந்தது.

நிரஞ்சன் ஒரு துணியை எடுத்து முழுவதையும் துடைத்தான். பிரியந்தியிடம் சொல்லவில்லை. ரேஸுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ் டிவிஷன் மாரியம்மன் கோயிலில் தேர். லயத்தில் ஒரு குஞ்சு குருமான் மிச்சமில்லாமல் இறங்கிப் போய்விட்டார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டு ஜெயந்தினிதான் பிரியந்திக்கு எல்லாம். அவளும் காலையிலேயே போய்விட்டாள். "ராத்திரிக்கு வந்துருவேன். எட்டாம் மாசந்தானே, ஆடாம அசையாம இருடி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மூன்று மணிக்கு மழை பெய்து ஓய்ந்தது. பிறகு மூடுபனி இறங்கியது. ஐந்து மணிக்கு எதிர் மலை இல்லை. ஐந்தரைக்கு முற்றத்துக் கொய்யா மரமும் இல்லை.

ஐந்து நாற்பதுக்குப் பிரியந்தி கூப்பிட்டாள்.

"ஏங்க..."

அந்தக் குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடினான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் தண்ணீர்.

அம்புலன்ஸுக்குப் போன் அடித்தான். பொகவந்தலாவைப் பக்கம் போயிருக்கிறது, வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். த்ரீவீல்காரனுக்கு அடித்தான். எடுக்கவில்லை. ஜெயந்தினிக்கு அடித்தான். எடுக்கவில்லை. கீழே கோயில் ஸ்பீக்கர் அலறும் சத்தம் பனிக்குள்ளால் கேட்டது. அந்தச் சத்தத்தில் யாருக்கு போன் கேட்கும்?

கராஜுக்கு ஓடினான். சீட்டைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்தான். மழை ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. ஆறு போல்ட். இருபது நிமிஷம். பிரேக் பேட் மாற்ற ஒரு மணித்தியாலம். ஹேண்ட் பிரேக் மேசைமேல் கிடக்கிறது. பற்களால் முடிச்சைக் கடித்தான்.

"சீட்டு வேணாங்க!" உள்ளேயிருந்து அவள் கத்தினாள். "தூக்குங்க என்னய... போன தடவ மாதிரியே இருக்குங்க..."

முடிச்சை விட்டான்.

இரண்டு கம்பளியைத் தகரத்தின்மேல் விரித்தான். அவளைத் தூக்கி அதன்மேல் கிடத்தினான். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"தலமாட்டுல யாருங்க?"

அந்தப் பக்கத்தில் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினால் தலைமாட்டில் ஒரு பெண் உட்கார்ந்து, மடியில் தலையை வாங்கிக்கொள்ள வேண்டும். தனியாக அனுப்ப மாட்டார்கள். லொறியென்றாலும் அப்படித்தான்.

"யாருமில்லம்மா. நான் இருக்கேன். நான் ஓட்டுறேன்."

"யாராச்சும் வேணுங்க..."

கதவைச் சாத்தினான். ஐந்து ஐம்பத்தைந்து.

முதல் இரண்டு முடக்கும் மெதுவாக இறங்கினான். லைட் போட்டால் பனி சுவர் மாதிரி வெள்ளையாக எதிரே நின்றது. லைட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வலது பக்கத்து மண்மேட்டைப் பார்த்து ஓட்டினான். இறுக்கமான ஸ்பிரிங். ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் பின்னால் அவள் தகரத்தில் மோதி அலறினாள்.

"கொஞ்சம் பொறும்மா... கொஞ்சம்..."

மூன்றாம் முடக்குக்கு முன்னால் பிரேக்கை மிதித்தான்.

பிடிக்கவில்லை.

கால் கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. பேட் குளிர்ந்து கிடந்தது. கியரை இரண்டுக்குத் தட்டினான். எஞ்சின் ஊளையிட்டது. எப்படியோ திரும்பியது. இடது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது காலால் எக்ஸிலேட்டரையும் கொடுத்தான். பேட்டைச் சூடாக்க வேறு வழி இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் இறக்கத்தில் வேகமும் கூடும்.

வேகம் கூடியது.

பின்னால் அலறல் நின்றது.

ஒரேயடியாக நின்றது.

போன தடவையும் இப்படித்தான்... இந்த இறக்கத்தில்தான்...

"பிரியந்தி!"

பதில் இல்லை.

"பிரியந்தி! ஏதாச்சும் பேசும்மா!"

கிளிங்.

பின்னாலிருந்து வந்தது. மெதுவாக. யாரோ கையை அசைக்கிற மாதிரி. தட்டிக்கொடுக்கிற மாதிரி.

கிளிங்... கிளிங்... கிளிங்...

பிரியந்தியின் கையில் கண்ணாடி வளையல் கிடையாது.

தலையை உள்ளே இழுத்து, மேலே இருந்த பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தான். பின் கண்ணாடியின் மங்கிய வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு நிறம்.

சிவப்பு.

சிவப்பு ரெக்ஸின்.

அந்தச் சீட் கராஜ் கூரையில் தொங்குகிறது. அவன் கையால் கட்டியது.

சீட்டின் இடது ஓரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். குனிந்த தலை. முகம் தெரியவில்லை. மடியில் பிரியந்தியின் தலை. அவள் நெற்றியில் ஒரு கை.

பச்சை வளையல்.

திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

பாறை முடக்கு வந்துவிட்டது.

இடது பக்கம் வளையும் முடக்கு. வலது பக்கம் பள்ளம். கீழே ஆறு.

மிதித்தான். பிடிக்கவில்லை.

மறுபடி மிதித்தான்.

முன் சக்கரம் சேற்றில் வழுக்கியது. வண்டியின் பின்பக்கம் வலது பக்கமாக, பள்ளத்தை நோக்கி, விசிறிக்கொண்டு போனது. இடது பின் சக்கரம் மண்ணை விட்டு எழும்பப் போகிறது. அவனுக்குத் தெரியும். எழும்பினால் முடிந்தது.

"அம்மா...!"

எழும்பவில்லை.

பின் இடது மூலை அழுந்தியது. யாரோ உள்பக்கமாகச் சாய்ந்து, முழுப் பாரத்தையும் அங்கே போட்ட மாதிரி.

கிளிங்.

சக்கரம் மண்ணைக் கவ்வியது. வண்டி திரும்பியது.

அதே நொடி கருகல் வாசனை வந்தது. பேட் சூடாகிவிட்டது. பிரேக் பிடித்தது.

மெயின் ரோட்டில் ஏறியபோது அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. டிக்கோயா வரும்வரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஹோர்ன் அடித்தான். ஆறு இருபத்தைந்து. தள்ளுவண்டியோடு சிங்கள அட்டெண்டன்ட் ஒருவர் ஓடிவந்தார். பின் கதவைத் திறந்தார். பிரியந்தியைத் தூக்கினார்கள். அவள் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. உயிர் இருந்தது.

நிரஞ்சன் உள்ளே பார்த்தான். வெறும் தகரம். இரண்டு கம்பளி.

அட்டெண்டன்ட் வண்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அனித் நோனா கோ?"

மற்ற அம்மா எங்கே என்று கேட்டார்.

நிரஞ்சன் வெறும் தகரத்தைக் காட்டினான். அவர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். கதவைத் திறந்தபோது இரண்டு பேரைக் கண்டதாகவும், ஒரு பெண் தனக்கு முன்னால் இறங்கி வார்டுப் பக்கம் நடந்ததாகவும் சொல்லிக்கொண்டே தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்.

ஏழு பத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூட. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்க நிரஞ்சன் எத்தனை வருஷம் காத்திருந்தான்... கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் பகலில் வீட்டுக்கு வந்தான். கராஜைத் திறந்தான். சீட் கூரையில் அப்படியே தொங்கியது. அவன் பல்லால் கடித்த முடிச்சு அவிழாமல் இருந்தது. கயிற்றை அறுத்து இறக்கினான். சீட்டின் இடது பாதியில் கை வைத்தான். ஈரம். கையை முகர்ந்து பார்த்தான். பனிக்குடத்துத் தண்ணீரின் வாடை.

தராசு அங்கேயே இருந்தது. எதையும் மாட்டாமல், கழற்றியது கழற்றியபடி, வண்டியைச் சக்கரம் சக்கரமாக ஏற்றினான். முன் இரண்டும் சரி. பின் வலது சரி.

பின் இடதும் சரி.

அந்த நாற்பத்து மூன்று கிலோ இல்லை.

அன்றைக்கே சீட்டை மாட்டினான். ஸ்பிரிங், பேட், ஹேண்ட் பிரேக், எல்லாவற்றையும் பழையபடி மாட்டினான். தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது அன்ஸார் அவன் முகத்தைப் பார்த்தான். "ரோட்டுக்கா மச்சான்?" என்று மட்டும் கேட்டான். நிரஞ்சன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அன்ஸார் கொழும்புப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் நிரஞ்சன் கந்தப்பளைக்குப் போனான். வடிவேல் பங்களா கேட்டில் உட்கார்ந்திருந்தார். இவனைக் கண்டதும் எழும்பினார்.

"கழட்டிட்டீங்களா?"

"ஆமாங்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எழுவத்தொம்பது சீசன் தம்பி. நான் அப்ப சின்ன தொரைக்கு வண்டி கழுவுறேன். மறுநாள் ரேஸு. சீட்டெல்லாம் கழட்டியாச்சி. அந்தி நேரம் லயத்து ஆளுங்க வந்து கால்ல விழுந்தாங்க. மீனம்மான்னு ஒரு புள்ள. கொழுந்தெடுக்கிற புள்ள, ஒல்லி. எட்டாம் மாசம். ஏழாம் மாசம் போட்ட வளையல் அப்படியே கையில கெடந்திச்சி. தொரை ஏத்திக்கிட்டாரு. ஏத்த மாட்டேன்னு சொல்லல. ஆனா தலமாட்டுக்கு அவ அக்கா ஏறப் போனா பாருங்க, எறக்கி விட்டுட்டாரு. பாரம் கூடினா ஸ்பிரிங் அடிக்கும், நாளைக்கி ரேஸுன்னாரு. தனியாத்தான் போச்சி அந்தப் புள்ள. வெறுந்தகரத்துல."

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரியில எறக்கிட்டு வண்டி வந்தப்ப, கழுவுறதுக்கு நாந்தான் கதவத் தொறந்தேன். வளையல் பூரா ஒடஞ்சி கெடந்திச்சி. அவளும் போயிட்டா, வயித்துப் புள்ளையும் போச்சி." அவர் மூக்கைத் துடைத்தார். "அதுக்கப்புறம் அந்த வண்டி எந்த ரேஸுலயும் ஓடல. பாரம் சரிவரலன்னே சொல்லுவாரு. நாந்தான் புதுசா சீட்டுத் தச்சி மாட்டி வச்சேன். மாட்டினதுக்கு அப்புறம் சத்தம் இல்ல."

இவ்வளவுதான் என்றால் நிரஞ்சன் நிம்மதியாக இருந்திருப்பான். தனியாகப் போனவள், இன்னொருத்தியைத் தனியாக விடவில்லை. கோயிலுக்குப் போய் அவள் பேரில் ஒரு விளக்கு ஏற்றினான்.

ஐந்து வாரம் கழித்துப் பிள்ளை வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பிரியந்தி கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கி ஜெயந்தினி அக்கா எங்க ஏறினாங்க?"

"ஜெயந்தினியா?"

"வண்டியில. மடி ஐஸ் மாதிரி குளிருச்சி. ஆனா சீட்டு மெத்துன்னு இருந்திச்சி. ரொம்ப நல்லா பாத்துக்கிட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க."

நிரஞ்சன் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினான். "என்னா கேட்டாங்க?"

"புள்ளய என் மடியிலயும் தருவியான்னு. நான் வலியில... தாரேன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் காலை கௌசி மிஸ்ஸி வந்தார். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு வரும் மிட்வைஃப் அவர்தான். நல்ல வெயில். லயத்து வாசலில் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸி பிள்ளை நிறுக்கும் தொங்கு தராசை நிலைச் சட்டத்தில் மாட்டி, துணிப் பையில் பிள்ளையை வைத்துக் கொளுவினார்.

முள் சடாரென்று சுற்றியது. சுற்றிக் கடைசி எண்ணில் போய் முட்டி நின்றது. நிலைச் சட்டம் கிறீச்சிட்டது.

"அட, தராசு பழுதாப் போச்சே" என்றார் மிஸ்ஸி. பிள்ளையை இறக்கிவிட்டுத் தன் கைப்பையை மாட்டிப் பார்த்தார். சரியாகக் காட்டியது. மறுபடி பிள்ளையை மாட்டினார். மூன்று கிலோ நூறு.

"பாப்பா துள்ளிருச்சி போல" என்று சிரித்தார். ஜெயந்தினியும் சிரித்தாள்.

பிள்ளை யாரையோ பார்த்துச் சிரித்தது. கிளிங் என்று ஒரு சத்தம். அங்கே நின்ற யார் கையிலும் கண்ணாடி வளையல் இல்லை.

அந்தத் தராசில் இருபத்தைந்துக்கு மேல் எண் கிடையாது. இருந்திருந்தால் முள் எங்கே போய் நின்றிருக்கும் என்பது நிரஞ்சனுக்கு மட்டும்தான் தெரியும்.